பார்த்தேன், சரி

மூன்றாவது கணினித் திரையிலும் என் வீட்டுக்காரர் குறை கண்டுபிடித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் என் காதுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். பேசினால் முகத்தைப் பார்ப்பதில்லை. எதையோ மறைக்கிற ஆம்பிளை அப்படித்தான் பார்ப்பான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது.

அவருடைய வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மருந்துப் பெட்டியைத் திறந்தால் எட்டாக மடித்த மெல்லிய காகிதச் சீட்டு ஒன்று விழுமே, அதை நாமெல்லாம் படிக்காமலே குப்பையில் போடுவோமே, அதைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர்கள் உண்டு. அப்படி ஒருவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள். மருந்துக் கம்பெனி ஒப்புக்கொண்ட பிரதி ஒரு பக்கம், அச்சகம் கோத்த பிரதி ஒரு பக்கம். இரண்டையும் சொல்லுக்குச் சொல், புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட வேண்டும். எல்லாம் பொருந்தினால் அடியில் "பார்த்தேன், சரி" என்று போட்டுத் தன் பெயரை எழுதுவார். அதற்குப் பிறகு அச்சு இயந்திரம்தான், வேறு ஆள் கிடையாது. அச்சகத்தில் அவருக்கு 'கமா' என்று பட்டப்பெயர். ஆறு பக்கச் சீட்டில் ஒரு கமா குறைந்தாலும் பிடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். என்னிடம் வந்து அதைச் சொல்லும்போது பட்டம் வாங்கின மாதிரி சொல்வார்.

அச்சகத்தில் இடம் போதவில்லை என்று ஒருநாள் பிழை பார்க்கும் பிரிவு முழுவதையும் மடிக்கணினி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆளுக்கு இரண்டு பெரிய திரை இருந்தது. இங்கே ஒரே ஒரு சின்னத் திரை. ஒரு பிரதியை மூடி இன்னொன்றைத் திறந்து, மறுபடி மூடித் திறந்து, மனுஷன் படாத பாடு பட்டார். வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு தப்பு. ஒரு சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்பது 'பின்' என்று போய்விட்டது. இன்னொன்றில் மாத்திரையின் அளவில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டது. இரண்டையும் இயந்திரம் ஓட்டுகிறவர் தற்செயலாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். மேலதிகாரி அம்மா போன் பண்ணி, "அண்ணா, ரெண்டு தடவை மேல சொல்லாம சமாளிச்சுட்டேன். இன்னொண்ணு வந்தா உங்கள வெச்சிருக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே இவர்தான். அவரே அப்படிச் சொன்ன பிறகு வேறு யாரிடம் போய் நிற்பது?

அதனால்தான் இரண்டாவது திரை. அது சரியாக அமைந்தால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் போகும். எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த கணக்கு இவ்வளவுதான்.

பெரிய திரை வாங்கி வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. இருப்பது இரண்டு அறையும் சமையலறையும். ஜன்னலோரம் சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் மேசைதான் காலையில் அவருக்கு ஆபீஸ், மத்தியானம் சாப்பாட்டு மேசை, சாயந்திரம் நான் துணி தேய்க்கிற இடம். கணினிச் சாமான் கடை வைத்திருக்கும் என் தம்பிதான் வழி சொன்னான். சின்ன வயதில் கண்ட ஓட்டையிலெல்லாம் கம்பியைச் சொருகி ஷாக் வாங்கியதால் அவன் பெயர் எங்கள் குடும்பத்தில் பிளக்கு.

"அக்கா, இதுக்குன்னே கையடக்கத் திரை வந்திருக்கு. சிலேட்டு மாதிரி இருக்கும். ஒரே ஒரு வயரு. மேல் அட்டைய மடிச்சா அதுவே காலு. வேலை முடிஞ்சா அலமாரில சொருகிடலாம்."

"பளிச்சுனு தெரியுமாடா?"

"வெச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா எடுத்துட்டுப் போறேன். நம்ம கடைதானே."

முதலாவது மங்கல் என்றார். தம்பி வெளிச்சத்தைக் கூட்டினான், அப்போதும் மங்கல்தான். இரண்டாவது கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஜன்னல் முழுவதும் அதற்குள்ளே தெரிந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பினோம். மூன்றாவது நல்ல திரை. வெளிச்சம் பட்டாலும் கூசாது, எழுத்து கருகருவென்று நிற்கும். ஆனால் அட்டைக் கால்தான் மேசையில் வழுக்கும். அதற்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டேன். வயர் லேசாக ஆடினால் படம் போய்விடும். அதையும் நூல் போட்டு மேசைக் காலோடு கட்டினேன். இவ்வளவுக்கும் பிறகு என்ன சொன்னார் தெரியுமா?

"நடுவுல ஏதோ கறை மாதிரி இருக்கும்மா."

ஈரத் துணியை எடுத்துத் துடைத்தேன். கறை எதுவும் இல்லை. இருந்தாலும் அவருக்காக இன்னொரு தடவை துடைத்தேன். "இப்ப?" என்றேன். "இருக்கு" என்றார். அப்போதுதான் கூடம் கோணல் கதையைச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அந்தத் திரையை அவர் மேசையில் வைப்பதே இல்லை. அட்டையை மடித்துவிட்டுக் கையில் தூக்கி, மூக்குக்குப் பக்கத்தில், ஒரு ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கை வலிக்கும், மடியில் இறக்குவார், மறுபடி தூக்குவார். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு திணறுகிற மாதிரி இருந்தது. மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய சாமானை இப்படித் தூக்கிச் சுமப்பானேன் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கேட்டால், "இதுதான் வசதி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். வைத்துக்கொள்வதா, திருப்புவதா என்று அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும்.

"இதுவே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேற்றுவரை கறை, இன்றைக்கு நல்லதா? "அதெல்லாம் வேணாம். என் கண்ணு முன்னாடி ஒரு சீட்டு முழுசா பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்றேன். நான் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில். வாயைத் திறக்க மாட்டேன் என்று வருகிறவர்களைத் திறக்க வைப்பதுதான் என் பிழைப்பு. இவர் எம்மாத்திரம்?

அவர்கள் தொழிலில் பழைய முறை ஒன்று உண்டு. கணினி வருவதற்கு முன் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார்வார்களாம். ஒருவர் சத்தமாக வாசிப்பார், புள்ளி, கமா, அடைப்பு எல்லாவற்றையும் சேர்த்து. இன்னொருவர் தன் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். மேலதிகாரி அம்மா புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது இவருக்கு எதிரில் உட்கார்ந்து வாசித்தவர்தான். அந்த முறையிலேயே பார்ப்போம் என்றேன். சரியான பிரதி மடிக்கணினியில் எனக்கு. அச்சகம் கோத்தது கையடக்கத் திரையில் அவருக்கு. மறுநாள் அனுப்ப வேண்டிய சீட்டு அது. கைக்குழந்தைகளுக்கான வாந்தி மருந்து, சொட்டு மருந்து.

அவர் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை, அடைப்பு திற, எடை ஏழு கிலோவுக்கு மேல், அடைப்பு மூடு, பூஜ்யம் புள்ளி ஐந்து மில்லி, கமா, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, முற்றுப்புள்ளி."

அடடா, என்ன அழகாக வாசித்தார்! தட்டுத் தடங்கல் இல்லை, ஒரு தாளத்தில் போனது. நான் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. முதல் பக்கம் முடிந்ததும் தம்பி கையைத் தட்டினான்.

"அக்கா, மாமா பாஸ்! பில்லு போட்டுறவா?"

எனக்கும் அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவ்வளவு தெளிவாகவா தெரிகிறது என்று நானும் பார்த்தேன். தெளிவாகத்தான் தெரிந்தது. அவர் வாசித்த வரியில் '5 மில்லி' என்று இருந்தது.

"டேய், இங்க பாரு. இதுல புள்ளி விழல."

தம்பி வந்து எழுத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். 5 மட்டும் திரை அகலத்துக்கு நின்றது. அதற்கு முன்னால் பூஜ்யமும் இல்லை, புள்ளியும் இல்லை. அதே கோப்பை மடிக்கணினியில் திறந்து பார்த்தான். அங்கேயும் 5தான். "திரைல கோளாறு இல்லக்கா. அடிச்சவனே விட்டிருக்கான்" என்றான். பிறகு மெதுவாக, "மாமா, நீங்க புள்ளின்னு வாசிச்சீங்களே?" என்று கேட்டான்.

"பழக்கத்துல வாயில வந்துருச்சு."

கைக்குழந்தைக்கு மருந்து பத்து மடங்கு. இல்லாத புள்ளி தானாக வாயில் வந்துவிட்டதாம். ஆனாலும் கத்தவில்லை. "சரி, அடுத்த பக்கம் வாசிங்க. நானே தள்ளி விடுறேன்" என்று குனிந்து, அடுத்த பக்கத்தைத் திறக்காமல் வேறொரு சீட்டைத் திறந்தேன். மூட்டு வலி மாத்திரை. பெரியவர்களுக்கானது.

அவர் திரையை மூக்கருகே கொண்டுபோனார். "பாட்டிலைத் திறந்த பின் ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும், முற்றுப்புள்ளி. ஒவ்வொரு முறையும் சொட்டுக் குழாயைக் கொதித்து ஆறிய நீரில் கழுவவும், முற்றுப்புள்ளி. குழந்தை அழும்போது, கமா, சிரிக்கும்போது, கமா, மருந்து புகட்ட வேண்டாம், முற்றுப்புள்ளி."

திரையில் பாட்டிலும் இல்லை, குழாயும் இல்லை, குழந்தையும் இல்லை. அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார். தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். எங்கள் சத்தம் நின்றதை அவர் காது பிடித்திருக்க வேண்டும்.

"என்ன, ரெண்டு பேரும் ஏன் பேசாம இருக்கீங்க?" என்று என் காதைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயோ" என்றுதான் எனக்கு வந்தது. தம்பி, "நான் அப்புறம் வரேங்க்கா" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியில் இறங்கிப் போனான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர் இனி எதை மறைக்க? கேட்கக் கேட்கச் சொன்னார். அச்சகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருநாள் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதாம். கண்ணாடி மாற்றினாலும் வராது, மருந்து விட்டாலும் வராது, இருப்பதை வைத்து ஓட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஓரமெல்லாம் நல்லாத் தெரியுதும்மா. கதவு தெரியுது, ஜன்னல் தெரியுது. எதை நேரா பாக்குறனோ அதுதான் இல்ல. உன் முகத்தைப் பாத்தா உன் முகம் இல்ல. உன் காதைப் பாத்தா முகம் கொஞ்சம் கிடைக்குது."

அந்தப் பார்வைக்கு நான் என்னென்ன அர்த்தம் பண்ணிவைத்திருந்தேன்! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "எங்கிட்ட சொன்னா என்ன, நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று கத்தினேன்.

"சொன்னா வேலைய விடுன்னு சொல்லுவ. முடியற வரைக்கும் பாப்போம்னு நெனச்சேன். பெரிய திரைய மூஞ்சிக்குக் கிட்ட கொண்டுவர முடியாது. இத கையில தூக்கிக்கலாமேன்னுதான் சரின்னேன். முதல்ல கொஞ்சம் தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல."

பிறகு அவராகவே ஒரு யோசனை சொன்னார்.

"நீ வாசி. நான் கேக்குறேன். எல்லாச் சீட்டும் எனக்கு மனப்பாடம். ஒரு புள்ளி மாறினாலும் காதுலயே தட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

நான் ஒத்துக்கொண்டேன். யோசிக்கவே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வேண்டியதெல்லாம் அவர் அந்த நாற்காலியில் தலை நிமிர்ந்து உட்கார்வது ஒன்றுதான். அதே சொட்டு மருந்துச் சீட்டைத் திறந்து, திரையில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். "அடைப்பு மூடு, ஐந்து மில்லி" என்று நான் சொன்னதும் அவர் கை பட்டென்று மேசையில் விழுந்தது.

"நில்லு! பூஜ்யம் புள்ளி எங்க?"

சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பழைய கமா திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் இரண்டு சீட்டு, சாயந்திரம் வந்து மூன்று. துணி தேய்ப்பதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடலாம். மனக்கணக்குப் போட்டுக்கொண்டே மேசையைத் துடைத்து, திரையை மடித்து ஓரமாக வைத்து, தட்டுகளை எடுத்து வைத்தேன். தண்ணீர் ஊற்றும்போதுதான் அது தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

"ஏங்க, இதுக்கு முன்னாடி அனுப்பினதெல்லாம்?"

"எதெல்லாம்?"

"நீங்க சரின்னு போட்டு அனுப்பின சீட்டெல்லாம்."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்."

"பாத்தீங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் என் மேசைக்குத்தான் வருவார்கள். எத்தனை மில்லி கொடுக்கணும் என்று கேட்பார்கள். "பெட்டிக்குள்ள சீட்டு இருக்கும்மா, அதுல சரியா போட்டிருப்பாங்க" என்று அடித்துச் சொல்வேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்த சீட்டு என்று ஒரு கர்வம்.

"வேலை போனா போகட்டுங்க. எனக்கு பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லையா?" என்றார். சாப்பிடாமலே எழுந்து கையைக் கழுவினார். துண்டில் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "அந்த அம்மாவுக்குப் போட்டுக் குடு" என்று போனை என்னிடம் நீட்டினார். அதில் பெயரைத் தேட அவரால் முடியவில்லை.

சத்தமாக வைத்துக் கொடுத்தேன். எதையும் மறைக்காமல் அவரே சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனது, திரையைத் தூக்கிப் பிடித்தது, காலையில் விட்ட புள்ளி, எல்லாவற்றையும். மேலதிகாரி அம்மா குறுக்கே பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சரிண்ணா. சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார் கடைசியில். "மெஷின நான் நிறுத்தச் சொல்றேன். கடைக்குப் போனதையும் திருப்பி எடுத்தாகணும். எந்தச் சீட்டுலேருந்துண்ணா?"

"அந்த இருமல் மருந்துலேருந்து" என்றார் இவர். உடனே, "இல்ல, அதுக்கு முன்னாடி சர்க்கரை மாத்திரை ஒண்ணு போச்சு. அது... அத பாத்தேன். பாத்தேன்னுதான் நெனக்கிறேன்" என்றார்.

"அப்ப அதுக்கு முன்னாடி வந்த வலிப்பு மருந்துண்ணா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. அந்தச் சீட்டு முழுவதும், கமா, புள்ளி, அடைப்போடு, உள்ளே ஓடுகிறது என்பது எனக்கே தெரிந்தது. ஒரு எழுத்துகூட விட்டிருக்க மாட்டார். அது காகிதத்தில் இருந்ததா, அவருக்குள்ளே இருந்ததா என்று யார் சொல்வது? கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை காதைப் பார்க்கக்கூட மறந்துபோய், தன் கண்ணுக்குத் தெரியாத என் முகத்தையே நேராகப் பார்த்தார்.

"ஏம்மா, நான் கடைசியா கண்ணால பாத்தது எது?"

போனில் அந்த அம்மா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.